எப்போதாவது ஒருமுறை விழும் கர்னல்: ரேஸையும் மெமரிப் பிழையையும் பிடிப்பது எப்படி

லாரி எடை மேடையில் வைத்திருக்கும் சின்னப் பெட்டி அது. ஆர்ம் பலகை, நான்கு கோர், 1 ஜிபி மெமரி, உள்ளே லினக்ஸ். ஏழெட்டு நாளோ பத்து நாளோ நன்றாக ஓடும். அப்புறம் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குத் தானாக விழுந்து எழும். காலையில் வரும் ஆபரேட்டருக்கு எதுவும் தெரியாது, எடையும் சரியாகவே காட்டும். எங்கள் கைக்கு வருவது சீரியல் போர்ட்டில் விழுந்த ஒரு பக்க ஊப்ஸ் செய்தி (கர்னல் விழும்போது அச்சிடும் அறிக்கை) மட்டும்தான். முதல் முறை விழுந்த இடம் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்துக்குள். அடுத்த முறை நெட்வொர்க் பகுதி. மூன்றாவது முறை டைமர் பட்டியல்.

லினக்ஸ் டிரைவர் எழுதுவது என் வேலை. இந்த ஒரு பிழையைத் துரத்தியபோது கற்றதை, இதே மாதிரி ஒன்றில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். உங்களுக்கு சி தெரியும், ஒன்றிரண்டு கர்னல் மாட்யூல் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ரேஸ் என்று நான் சொல்வது, ஒரே பொருளை இரண்டு பாதைகள் ஒரே நேரத்தில் தொடப் போய், யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து வரும் பிழை. லாக் என்று தமிழில் எழுதினால் இரண்டு பொருள் வரும் என்பதால் பூட்டு, பதிவு என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிழையை நினைத்தபோது வரவழைக்கத் தெரியும்வரை திருத்தத்தில் கை வைக்காதீர்கள். பத்து நாளுக்கு ஒருமுறை வரும் பிழைக்குத் திருத்தம் போட்டால், அது வேலை செய்கிறதா என்று தெரிய ஒரு மாதமாவது காத்திருக்க வேண்டும். அந்த ஒரு மாதத்தில் பிழை வராமல் போனாலும் அது போய்விட்டது என்று சொல்ல முடியாது.

ஊப்ஸை எப்படிப் படிப்பது

ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுகிறது என்றால், விழுந்த இடத்தைச் சந்தேகப்படாதீர்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். யாரோ விட்டுவிட்ட மெமரியை இன்னும் பிடித்துக்கொண்டு எழுதுகிறார்கள் என்பதுதான் முதல் யூகமாக இருக்க வேண்டும்.

காரணம் எளிது. 300 பைட் கேட்டால் கர்னல் அதை 512 பைட் துண்டுகள் உள்ள பொதுக் குவியலிலிருந்து எடுத்துத் தருகிறது. அந்தக் குவியல் எல்லோருக்கும் பொது. நீங்கள் விட்ட துண்டை அடுத்த நொடியே ஃபைல் சிஸ்டம் வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு உங்கள் பழைய பாயிண்டர் வழியாக ஒரு எண்ணைக் கூட்டினால், கெடுவது ஃபைல் சிஸ்டத்தின் வீடு. விழுவதும் அதுதான்.

அதனால் நான் முதலில் செய்தது கர்னல் பூட் வரியில் ஸ்லப்_டீபக் என்ற தேர்வைச் சேர்த்ததுதான். புதிதாக எதையும் கம்பைல் செய்ய வேண்டாம், பெரும்பாலான கர்னல்களில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கும். அதில் பாய்சன் என்ற பகுதியை இயக்கினால், விடப்படும் மெமரி, கடைசி பைட் தவிர, 6பி என்ற ஹெக்ஸ் எண்ணால் நிரப்பப்படும். அடுத்த இரவு விழுந்தபோது ஊப்ஸில் இருந்த முகவரி: 6பி6பி6பி6பி6பி6பி6பி73.

இந்த எண்ணைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ஏழு பைட் 6பி, கடைசி மட்டும் 73. ஹெக்ஸில் 6பி-யுடன் 8 கூட்டினால் 73. அதாவது விட்டுப்போன ஒரு ஸ்ட்ரக்சருக்குள்ளிருந்து ஒரு பாயிண்டரை எடுத்திருக்கிறார்கள். அந்தப் பாயிண்டர் காட்டும் ஸ்ட்ரக்சரில் 8ஆவது பைட்டில் இருக்கும் உறுப்பைத் தொடப் போயிருக்கிறார்கள். ஒரே எண், ஆனால் யூகம் உறுதியாகிவிட்டது. இந்த முறை விழுந்த இடமும் ஈஎக்ஸ்டி4 இல்லை, எடை சென்சாரைப் படிக்கும் எங்கள் டிரைவரின் ஒர்க் ஃபங்ஷன் (உடனே செய்யாமல் வரிசையில் தள்ளிவைத்துச் செய்யும் வேலை). பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட கண்ணியைத் தொட்டால் டெட் என்று தொடங்கி 100 அல்லது 122 என்று முடியும் முகவரி வரும். அதையும் இதோடு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊப்ஸில் ஃபங்ஷன் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு ஹெக்ஸ் எண் இருக்கும். முதலாவது உள்ளே எத்தனையாவது பைட், இரண்டாவது ஃபங்ஷனின் மொத்த நீளம். அதைச் சோர்ஸ் வரியாக மாற்ற, கர்னல் மூலத்தின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் டீகோட்_ஸ்டாக்ட்ரேஸ் இருக்கிறது. ஆனால் அதற்கு அந்தக் குறிப்பிட்ட பில்டின் விஎம்லினக்ஸ் கோப்பு, டீபக் தகவலோடு, வேண்டும். எங்களிடம் அது இல்லை. இடத்தை மிச்சப்படுத்த யாரோ அழித்திருந்தார்கள். முதல் மூன்று ஊப்ஸும் அதனால் பாதி வீணாயின. களத்துக்குப் போகும் ஒவ்வொரு பில்டின் விஎம்லினக்ஸையும் மாட்யூல் கோப்புகளையும் எடுத்து வையுங்கள். பல நூறு எம்பி ஆகும், ஆகட்டும்.

பிழையை அடிக்கடி வரவழைப்பது

டிரைவர் செய்வது இவ்வளவுதான். சென்சார் சிக்னலை எண்ணாக மாற்றும் ஏடிசி சிப் விநாடிக்கு 1000 முறை இன்டரப்ட் (புதிய அளவு தயார் என்ற அழைப்பு) தரும். இன்டரப்ட் ஹேண்ட்லர் ஒரு ஒர்க்கை வரிசையில் போடும். அந்த ஒர்க் எஸ்பிஐ என்ற சிப் இணைப்பு வழியாக அளவைப் படித்து ரிங் பஃபரில் வைக்கும். இரவு இரண்டு மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் டிரைவரைச் சாதனத்திலிருந்து கழற்றிப் புதிய அளவுத்திருத்த எண்களோடு மறுபடி மாட்டும்.

அப்படியானால் கழற்றும்போதுதான் ஏதோ நடக்கிறது. சாதனங்களையும் டிரைவர்களையும் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு டிரைவருக்கும் பைண்ட், அன்பைண்ட் என்று இரண்டு கோப்பு இருக்கும். சாதனத்தின் பெயரை அன்பைண்டில் எழுதினால் கழற்றும், பைண்டில் எழுதினால் மாட்டும். ஷெல்லில் ஒரு லூப் போட்டு இரண்டையும் மாற்றி மாற்றி எழுதவிட்டேன். மாட்யூலையே நீக்கிப் போடாதீர்கள். டிரைவரின் நிரலும் சேர்ந்து மறைந்துவிடும், விழும் விதம் மாறி உங்களைக் குழப்பும்.

லூப் நான்கு மணி நேரம் ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. பகலில் பொருத்துபவர்கள் கையால் பலமுறை கழற்றி மாட்டியபோதும் விழவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. இரவு இரண்டு மணியில் என்ன விசேஷம்? அதே நேரத்தில் இன்னொரு ஸ்கிரிப்ட் அன்றைய பதிவுகளைச் சுருக்கிக்கொண்டிருந்தது. நான்கு கோரும் மும்முரமாக இருக்கும் நேரம் அது. ஒர்க்கை ஓட்டும் கேஒர்க்கர் த்ரெட்டுக்கு முறை வரத் தாமதமாகும்.

ஸ்ட்ரெஸ்-என்ஜி கருவியால் எல்லாக் கோரையும் நிரப்பிவிட்டு அதே லூப்பை ஓட்டினேன். இருபது நிமிடத்தில் விழுந்தது. முன்னேற்றம்தான், ஆனால் இருபது நிமிடமும் போதாது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த உத்தி வருகிறது. ரேஸ் என்பது ஒரு ஜன்னல். இயல்பில் அது சில மைக்ரோ விநாடிதான் திறந்திருக்கும். நீங்களே போய்ச் சட்டத்தைப் பிடித்து அகலமாகத் திறந்து வைக்கலாம், அதாவது சந்தேகப்படும் இடத்தில் எம்ஸ்லீப் என்ற தாமதம் ஒன்றைப் போடலாம்.

எங்கே போடுவது என்பதில்தான் யோசனை வேண்டும். டிரைவரைக் கழற்றும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷனில் மட்டும் போட்டேன், வரவில்லை. ஒரு ஜன்னலுக்கு இரண்டு கதவு. ஒருவர் பொருளை விடும் பாதை, இன்னொருவர் அதைத் தொடும் பாதை. இரண்டிலும் தாமதம் வேண்டும். ரிமூவில் ஒர்க்கை ரத்து செய்த வரிக்கு அடுத்து 50 மில்லி விநாடி, ஒர்க் ஃபங்ஷனின் முதல் வரியில் 20 மில்லி விநாடி. முதல் அன்பைண்டிலேயே பெட்டி விழுந்தது. மறுபடி செய்தேன், மறுபடி விழுந்தது. அன்று மாலை எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

தாமதம் போட வேண்டிய இடத்தில் பிரிண்ட்கே (கன்சோலில் செய்தி அச்சிடும் வரி) போட்டுப் பார்க்க எல்லோருக்கும் கை அரிக்கும். சீரியல் கன்சோல் 115200 வேகத்தில் ஓடினால் 80 எழுத்து வரி ஒன்று வெளியே போக ஏறக்குறைய 7 மில்லி விநாடி. மில்லி விநாடிக்கு ஒரு இன்டரப்ட் வரும் டிரைவரில் அது ஒரு யுகம். பிரிண்ட்கே போட்டதும் பிழை மறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். தடம் வேண்டுமென்றால் டிரேஸ்_பிரிண்ட்கே போடுங்கள், அது மெமரியில் உள்ள பஃபரில் மட்டும் எழுதும். விழும்போது அந்தப் பஃபரைக் கொட்டச் சொல்ல பூட் வரியில் எஃப்டிரேஸ்_டம்ப்_ஆன்_ஊப்ஸ் இருக்கிறது.

கேசானைக் கேளுங்கள்

இப்போது கேசான் என்ற மெமரிப் பிழை பிடிக்கும் கருவியை இயக்கிய கர்னலை பில்ட் செய்யுங்கள். 2015இல் லினக்ஸ் 4.0இல் சேர்ந்தது. ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழல் வைத்து, எந்த முகவரி தொடத்தக்கது என்று ஒவ்வொரு அணுகலிலும் சரிபார்க்கும். எட்டில் ஒரு பங்கு என்பதால் எங்கள் 1 ஜிபி பலகையில் 128 எம்பி அதற்கே போனது. வேகமும் குறையும். சோதனைப் பலகைக்கு அது பரவாயில்லை. விட்ட மெமரியை உடனே அடுத்தவருக்குத் தராமல் சிறிது நேரம் ஒதுக்கியும் வைக்கும். அதனால்தான் தாமதமாக வந்து தொடுபவரும் மாட்டிக்கொள்கிறார்.

கேசான் தரும் அறிக்கை நீளமாக இருக்கும், பயப்பட வேண்டாம். அதில் பல ஸ்டாக் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை) இருக்கும். முதலாவது இப்போது தொட்டது யார். அடுத்தது இந்தத் துண்டை வாங்கியது யார், அதற்கடுத்தது விட்டது யார். நான்காவதாக, சில நேரங்களில், இந்தத் துண்டில் உள்ள ஒர்க்கைக் கடைசியாக வரிசையில் போட்டது யார் என்றும் இருக்கும். பலர் முதல் ஸ்டாக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். வழக்கு இருப்பது மூன்றாவதிலும் நான்காவதிலும்தான்.

எங்கள் அறிக்கையில் தொட்டது கேஒர்க்கர். வாங்கியது டிரைவரை மாட்டும்போது ஓடும் ப்ரோப் ஃபங்ஷன். விட்டது ரிமூவ் ஃபங்ஷனாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. டெவ்ரெஸ்_ரிலீஸ்_ஆல் என்று இருந்தது, அதாவது டெவ்எம் வகையில் வாங்கியதையெல்லாம் ரிமூவுக்குப் பிறகு கர்னல் தானாக விடும் ஃபங்ஷன். வரிசையில் போட்டது இன்டரப்ட் ஹேண்ட்லர். இந்த இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்ததும் கதை புரிந்தது.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் ரிமூவ் பாதை, வலப்பக்கம் இன்டரப்ட் பாதை என்று நேரம் மேலிருந்து கீழாக எழுதுங்கள். நான் எழுதியது இது. இடப்பக்கம்: ரிமூவ் நுழைகிறது, கேன்சல்_ஒர்க்_சிங்க் ஓடுகிறது, ஓடிக்கொண்டிருந்த ஒர்க் முடியும்வரை காத்திருந்து திரும்புகிறது. வலப்பக்கம்: இந்த நேரத்தில் ஒரு இன்டரப்ட் வருகிறது. இன்டரப்டை நாங்கள் டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்கியூ மூலம் வாங்கியிருந்தோம். அது தானாக விடுபடும், ஆனால் ரிமூவ் முடிந்த பிறகுதான். ஆக இன்டரப்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது, ஹேண்ட்லர் அதே ஒர்க்கை மறுபடி வரிசையில் போடுகிறது. மறுபடி இடப்பக்கம்: ரிமூவ் முடிகிறது, இன்டரப்ட் விடப்படுகிறது, அப்புறம் எங்கள் ஸ்ட்ரக்சரும் விடப்படுகிறது. வலப்பக்கம் கடைசி வரி: மும்முரமான கோரில் முறைக்குக் காத்திருந்த கேஒர்க்கர் இப்போது எழுந்து, இல்லாத ஸ்ட்ரக்சரின் மியூடெக்ஸைப் பூட்டப் போகிறது.

இந்தத் தாள் இல்லாமல் எந்த ரேஸையும் திருத்த வேண்டாம் என்பது என் கருத்து. இடப் பத்தி, வலப் பத்தி இரண்டையும் எழுத முடியவில்லை என்றால் பிழை இன்னும் புரியவில்லை.

திருத்தம்

ஓடி வரும் தண்ணீரை நிறுத்துவதற்கு முன் தரையைத் துடைத்ததுதான் தவறு. முதலில் குழாயை மூட வேண்டும். ஒர்க்கை உண்டாக்குவது இன்டரப்ட், எனவே இன்டரப்ட் முதலில் நிற்க வேண்டும், அடுத்து ஒர்க், கடைசியில் மெமரி. ரிமூவில் ஒர்க்கை ரத்து செய்வதற்கு முன் டிசேபிள்_ஐஆர்கியூ அழைக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை அது காத்திருக்கும். ஆனால் இன்டரப்ட் கம்பியை வேறு சாதனத்தோடு பகிர்ந்திருந்தால் அதுவும் நின்றுவிடும்.

நான் தேர்ந்தது, ஒர்க்கைத் தானாக ரத்து செய்யும் டெவ்எம்_ஒர்க்_ஆட்டோகேன்சல். டெவ்எம் வகையில் வாங்கியதெல்லாம் வாங்கிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் விடப்படும், அடுக்கி வைத்த எவர்சில்வர் தட்டுகளை மேலிருந்து எடுப்பதுபோல. ப்ரோபில் முதலில் மெமரி, அடுத்து இந்த ஆட்டோகேன்சல், அதன் பிறகே இன்டரப்ட் என்று அடுக்கினால், விடும்போது இன்டரப்ட், ஒர்க், மெமரி என்று தானாகவே சரியாக வரும். ரிமூவில் இருந்த ரத்து வரியை எடுத்துவிட்டேன். மொத்த மாற்றம் ஆறு வரி.

எங்கள் குழுவில் வேறு வழிகளையும் யோசித்தார்கள். ஸ்ட்ரக்சரை விட்டபின் பாயிண்டரை நல், அதாவது வெற்று, ஆக்குவது, ஒர்க்கின் தொடக்கத்தில் ஒரு கொடியை (ஃபிளாக்) சரிபார்ப்பது. அந்தக் கொடியே விடப்பட்ட மெமரியில்தானே இருக்கிறது? சரிபார்ப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் இடையில் இன்னொரு ஜன்னலும் திறக்கும். ரிமூவின் கடைசியில் 100 மில்லி விநாடி தூங்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. தாமதம் பிழையைத் தேடும் கருவி மட்டுமே. அதைத் திருத்தமாக அனுப்பினால் பத்து நாள் பிழை ஒரு வருடப் பிழையாக மாறும், அவ்வளவுதான்.

“நடைமுறையில் இவ்வளவு சின்ன ஜன்னலில் யார் விழப்போகிறார்கள்” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அவருக்கு டர்ட்டி கவ் என்ற பாதுகாப்பு ஓட்டை பற்றிச் சொன்னேன். காப்பி-ஆன்-ரைட்டில் (எழுதும்போது மட்டும் மெமரிப் பக்கத்தை நகலெடுக்கும் முறை) இருந்த ஒரு ரேஸ் அது. 2007இல் வந்த 2.6.22 முதல் லினக்ஸில் இருந்து, 2016 அக்டோபரில்தான் திருத்தப்பட்டது. படிக்க மட்டுமே உரிமையுள்ள கோப்பில் சாதாரணப் பயனர் எழுத முடிந்தது, அதன் வழியாக ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) ஆக முடிந்தது. எழுதும் த்ரெட் ஒன்று, அந்தப் பக்கத்தைத் தூக்கியெறியும் த்ரெட் ஒன்று, இரண்டையும் லூப்பில் ஓடவிட்டால் போதும். திருத்தத்தோடு லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய குறிப்பில், பதினோரு ஆண்டுகளுக்கு முன் தானே இதை ஒருமுறை சரியாக இல்லாமல் திருத்த முயன்றதையும், அப்போது வெறும் கோட்பாட்டளவில் இருந்த ரேஸ் இப்போது எளிதாக வரவழைக்கக்கூடியதாகிவிட்டதையும் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். ஜன்னல் சின்னதாக இருக்கலாம், தாக்குபவருக்கு லூப் போட நேரம் நிறைய இருக்கிறது.

மற்ற காவலர்கள்

பூட்டும் வரிசையைக் கண்காணிக்கும் லாக்டெப்பைச் சோதனைக் கர்னலில் எப்போதும் இயக்கி வையுங்கள். 2006 முதல் இருக்கிறது. டெட்லாக் (ஒருவர் பூட்டுக்காக மற்றவர் காத்திருந்து இருவரும் நின்றுபோவது) உண்மையில் நடக்க வேண்டியதில்லை, ஒரு பாதை ஏ-வுக்குப் பின் பி-யையும் இன்னொரு பாதை பி-க்குப் பின் ஏ-வையும் பூட்டியதை வெவ்வேறு நேரத்தில் ஒருமுறை பார்த்தாலே சொல்லிவிடும். இன்டரப்டுக்குள் எடுக்கும் பூட்டை வெளியே இன்டரப்டை அணைக்காமல் எடுத்தாலும் பிடிக்கும். முதல் புகாரோடு அது தன்னை அணைத்துக்கொள்ளும், அதனால் வேறு யாருடைய டிரைவரிலிருந்து வந்த புகாராக இருந்தாலும் முதலில் அதைத் தீருங்கள்.

ரேஸைத் தேடும் கேசிசான் 2020இல் 5.8இல் வந்தது. கேசானோடு ஒரே கர்னலில் சேராது, தனி பில்ட் வேண்டும். அவ்வப்போது ஒரு அணுகலைத் தேர்ந்து, அந்த முகவரிக்குக் காவல் போட்டுக் கொஞ்சம் காத்திருக்கும், அதற்குள் வேறு கோர் வந்து தொடுகிறதா என்று பார்க்கும். மேலே சொன்ன பிழை இதற்குத் தெரியாமலும் போகலாம், ஏனென்றால் அது உயிர்க்காலத்தைப் பற்றிய பிழை. ஆனால் அதே டிரைவரில் இன்னொன்றைக் காட்டியது. ரிங் பஃபரின் தலை எண்ணை ஒர்க் எழுதுகிறது, ரீட் கால் பூட்டில்லாமல் படிக்கிறது. எக்ஸ்86 கணினியில் வருடக்கணக்கில் ஓடிய நிரல் அது. ஆர்மில் ஒரு கோர் எழுதிய வரிசையிலேயே இன்னொரு கோருக்குத் தெரியும் என்ற உறுதி இல்லை. எண் ஏறியது முதலில் தெரிந்து, அளவு இன்னும் பழையதாகவே இருக்கலாம். எடை மேடையில் அது முந்தைய லாரியின் எடை. அந்த வரிசையை உறுதி செய்ய எழுதுமிடத்தில் எஸ்எம்பி_ஸ்டோர்_ரிலீஸ், படிக்குமிடத்தில் எஸ்எம்பி_லோட்_அக்வயர், இரண்டையும் ஜோடியாகப் போட்டதும் சரியானது. கேசிசானின் வாயை அடைக்க டேட்டா_ரேஸ் என்ற மேக்ரோவைச் சுற்றிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்த மதிப்பு பிழையாக வந்தாலும் பரவாயில்லை என்று உங்களால் காரணம் எழுத முடிந்தால் மட்டும் செய்யுங்கள்.

களத்தில் இருக்கும் பெட்டிகளுக்குக் கேசான் கனம். அங்கே கேஃபென்ஸ் போதும், 5.12 முதல் உண்டு. இயல்பாக 100 மில்லி விநாடிக்கு ஒரு மெமரி வாங்குதலை மட்டும் காவல் பக்கத்தோடு கொடுத்துப் பார்க்கும். ஒரு பெட்டியில் சிக்காது, நூறு பெட்டியில் சிக்கும்.

திருத்தம் சரிதானா

தாமதங்களை எடுத்துவிடாமல், திருத்தத்தோடு, கேசான் கர்னலில் லூப்பை இரவு முழுவதும் ஓட்டினேன். ஒரு புகாரும் இல்லை. காலையில் திருத்தத்தை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன், முதல் அன்பைண்டிலேயே விழுந்தது. மறுபடி திருத்தத்தைச் சேர்த்தேன், விழவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். முதலாவது மட்டும் என்றால் சோதனையே கெட்டுப்போயிருக்கலாம். பிறகே தாமதங்களை எடுத்தேன். கமிட் செய்தியில் அந்தத் தாளில் இருந்த இரண்டு பத்தியையும் அப்படியே தட்டச்சு செய்து, கேசான் அறிக்கையின் நான்கு ஸ்டாக்கையும் கீழே ஒட்டினேன்.

அன்று பிற்பகல் எங்கள் மூலக் களஞ்சியம் முழுவதும் கேன்சல்_ஒர்க்_சிங்க்கும் டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்கியூவும் ஒரே கோப்பில் வரும் இடங்களைத் தேடினேன். இன்னும் இரண்டு டிரைவர் கிடைத்தன. இரண்டும் ஒருமுறைகூட விழுந்ததில்லை. இரண்டுக்கும் ஒர்க்கில் 20, ரிமூவில் 50 மில்லி விநாடி போட்டு அன்பைண்ட் எழுதினேன். இரண்டுமே விழுந்தன.